அளந்து பார்க்கும் அறிவியல்: சீயமங்கலம், செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து

இரண்டாம் உலகப்போர் முடிந்து பள்ளிகளைத் திரும்பத் திறந்தபோது, போரில் அழிந்த நாடுகள் பலவற்றில் ஆய்வுக்கூடம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அங்கே வேலை பார்த்த அறிவியல் ஆசிரியர்களுக்காக ஜே. பி. ஸ்டீஃபன்சன் எழுதிய கையேட்டை யுனெஸ்கோ 1948-இல் வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்து 1956-இல் வந்த மூலநூல், கைக்குக் கிடைக்கும் எளிய பொருட்களைக் கொண்டே பள்ளி அறிவியலின் பெரும்பகுதியைச் செய்து காட்டலாம் என்பதை உலகெங்கும் கொண்டுபோயிற்று. இந்தியாவில் அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்து அதே வழியைப் பரப்பினார். 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ என்னும் சிறுவர் மாத இதழைக் கொண்டுவருகிறது. 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் பரிசோதனைப் பொருட்களோடு கருத்தாளர்களை அனுப்பிவைக்கிறது. எனவே, அறிவியலைச் சுவையாகச் சொல்லித்தர நம்மிடம் யோசனைகள் இல்லை என்றோ பொருட்கள் இல்லை என்றோ இனியும் சொல்ல முடியாது. பரிசோதனை முடிந்து கைதட்டலும் அடங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் குறை இருக்கிறது. அந்த அடுத்த படியை ஏறுவதற்கு, விலைக்கு வாங்கும் எந்தப் பெட்டியைவிடவும் பிள்ளை வாழும் ஊர் அதிகம் உதவும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதைச் சீயமங்கலத்தையும் அதைச் சூழ்ந்த செஞ்சி வட்டாரத்தையும் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் சான்று. இங்கிலாந்துப் பள்ளிகளில் 25 செய்முறை வகுப்புகளை இயன் ஆப்ரஹாம்ஸ், ராபின் மில்லர் இருவரும் கூர்ந்து கவனித்து 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் சொன்னபடி செய்தார்கள், வர வேண்டிய விளைவும் பெரும்பாலும் வந்தது. ஆனால் கண்ணால் கண்டதை அதன் பின்னால் இருக்கும் கருத்தோடு பொருத்திப் பார்க்கும் வேலை அந்த வகுப்புகளில் மிக அரிதாகவே நடந்தது. ஆசிரியரின் திட்டமிடல் முழுவதும் பரிசோதனையை ‘வரவழைப்பதில்’ செலவாகிவிட்டது. வசதியான ஆய்வுக்கூடங்கள் உள்ள நாட்டிலேயே நிலைமை இது. இன்னொரு சான்று 1987-இல் அமெரிக்காவில் எடுத்த ஓர் ஆவணப்படம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா நாளில் 23 பேரிடம், முக்கியமாக வெயில் காலமும் குளிர் காலமும் ஏன் வருகின்றன என்பதைக் கேட்டார்கள். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். அவர்களில் பலரும் சொன்ன காரணம், பூமி சூரியனுக்கு அருகில் வந்தால் வெயில், விலகினால் குளிர் என்பது. பள்ளியில் படித்தது அவர்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்த எண்ணத்தைத் தொடவே இல்லை. மாணவர் வகுப்புக்குள் வெறும் மனத்தோடு வருவதில்லை. தமக்கென்று ஒரு விளக்கத்தோடு வருகிறார். அந்த விளக்கத்தை வாய்விட்டுச் சொல்ல வைத்து, அதிலிருந்து ஒரு முன்கணிப்பைப் பெற்று, அளந்து பார்த்து, கணிப்பும் அளவும் மோதும் இடத்தில் அவரை நிறுத்தினால்தான் அது அறிவியல் வகுப்பு. வினிகரில் சோடா உப்பைப் போட்டுப் பலூனை ஊத வைப்பது அழகான காட்சி. பலூன் எவ்வளவு பெரிதாகும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லாதவரை அது காட்சியாகவே நின்றுவிடும்.

சீயமங்கலம் செஞ்சிக்கு வடக்கே, வந்தவாசி வட்டத்தில், தேசூரை அடுத்த சிற்றூர். முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குடைந்த குகைக்கோயிலைக் கல்வெட்டு அவனிபாஜன பல்லவேச்சுரம் என்கிறது. அதன் தூணில் உள்ள சிவனின் ஆடல் சிற்பத்தைக் கலை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். அறிவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதே மன்னன் செஞ்சிக்குத் தெற்கே மண்டகப்பட்டில் குடைந்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் அது ஆக்கப்பட்டது என்று பெருமையாக அறிவிக்கிறது. மன்னன் தவிர்த்த அந்தப் பொருட்கள் ஒவ்வொன்றும் காலப்போக்கில் என்ன ஆகும், ஏன் ஆகும் என்று கேட்டால் எட்டாம் வகுப்பு வேதியியலில் பாதி வந்துவிடும். இரும்பு துருப்பிடிக்கிறது, மரம் மட்குகிறது, சுண்ணாம்பு அமில நீரில் கரைகிறது. அடுத்தது கல்லின் கடினம். சாலையோரம் கிடக்கும் ஜல்லி ஒன்றை எடுத்து இரும்பு ஆணியால் கீறச் சொல்லலாம் (பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பது இந்தப் பாடத்தின் முதல் விதி). கல்லில் கண்ணாடி போல் மின்னும் குவார்ட்ஸ் மணியில் ஆணி வழுக்கும். மோவின் கடின அளவுகோலில் குவார்ட்ஸ் 7, சாதாரண ஆணி அதற்குக் கீழே. கீறவே முடியாத கல்லை உளி எப்படி வெட்டியது? கீறுவது வேறு, அடித்துப் பிளப்பது வேறு என்ற இடத்துக்கு வகுப்பு வந்து சேரும். உளியின் முனை ஏன் அடிக்கடி மழுங்கும், கொல்லர் அதை ஏன் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார் என்று கேட்டால் உலோகவியலின் வாசல் திறக்கும்.

அந்தப் பாறையின் வயது இன்னும் பெரிய பாடம். செஞ்சிச் சுற்றுவட்டாரப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. செஞ்சிக் குன்றுகளில் பிறக்கும் சங்கராபரணி என்கிற வராக நதி கிழக்கே ஓடிப் புதுச்சேரி அருகே கடலில் கலக்கிறது. வழியில் அதன் கரையில் இருக்கிறது திருவக்கரை. அங்கே பூமிக்குள் கல்லாகிப்போன மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினால் இரண்டுமே ‘ரொம்பப் பழசு’ என்று ஒன்றாகிவிடும். விளையாட்டு மைதானத்தில் 125 மீட்டர் கயிற்றைப் பிடிக்கச் சொன்னால் கதை மாறும். ஒரு மீட்டர் என்பது 2 கோடி ஆண்டு. ஒரு முனையில் செஞ்சிப் பாறை உருவாகிறது. திருவக்கரை மரம் எங்கே வரும் என்று ஒவ்வொருவரையும் தாம் நினைக்கும் இடத்தில் போய் நிற்கச் சொல்ல வேண்டும். பிறகு கணக்கிட வேண்டும். அது கடைசி ஒரு மீட்டரில்தான் வருகிறது. மூன்று லட்சம் ஆண்டு மனித இனம் கடைசி ஒன்றரை சென்டிமீட்டர். மகேந்திரவர்மனின் குகைக்கு இப்போது ஆகியிருக்கும் 1,400 ஆண்டு, 0.07 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன். தவறான இடத்தில் நின்ற மாணவர்தான் இந்தப் பாடத்தில் அதிகம் கற்றவர். திருவக்கரைக்கே போக முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே கிடக்கும் மரங்களில் வேரும் கிளையும் இலையும் காணோம், ஏன் என்று கேட்கலாம். அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்று புவியியலாளர்கள் சொல்வதற்கு அந்த இல்லாமைதான் ஆதாரம். இல்லாத ஒன்றையும் சான்றாகப் படிக்க முடியும் என்று பதின்மூன்று வயதில் தெரிந்துகொள்வது சிறிய விஷயம் அல்ல.

இருந்தாலும், ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் நிழலைத்தான் சொல்வேன். வேண்டியது ஒரு மீட்டர் குச்சி, தூக்குக்குண்டு, அளவுகோல், கடிகாரம். ‘தினமும் பகல் 12 மணிக்குச் சூரியன் தலைக்கு நேரே வரும், அப்போது நிழல் இருக்காது’ என்பது பெரியவர்களும் நம்பும் எண்ணம். சீயமங்கலத்தில் ஆகஸ்டு மாதம் அளந்து பார்த்தால் மிகக் குட்டையான நிழல் 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 12.15-க்கு விழுகிறது. காரணம், நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. சீயமங்கலம் அதற்கு மூன்று பாகை மேற்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 12 நிமிடம் ஆயிற்று. மீதி மூன்று நிமிடம் பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை என்பதாலும் பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும் வருவது. ஒரு குச்சியும் கடிகாரமும் சேர்ந்து இந்தியத் திட்ட நேரத்தை விளக்கிவிடுகின்றன. அடுத்து, நண்பகல் நிழலை மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். சீயமங்கலம் வடக்கே சுமார் 12.4 பாகை அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் இறுதியில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் வடக்கு நோக்கி 72 சென்டிமீட்டர் நீளும். ஜூன் 21 வாக்கில் அதே குச்சியின் நிழல் தெற்குப் பக்கம் 19 சென்டிமீட்டர் விழும். வடகோளத்தில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று ஐரோப்பியருக்காக எழுதிய நூல்களில் படித்தால், அதை ஒரு கிராமத்துச் சிறுமி தன் பள்ளி முற்றத்தில் நின்று மறுத்துவிடலாம். அவள் பாடநூலின் அதிகாரத்தைவிட அளவின் அதிகாரம் பெரிது என்பதைக் கண்டுகொள்கிறாள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நமக்கு மார்கழிக் குளிரில். அருகில் வந்தால்தான் வெயில் என்ற ஹார்வர்டு பட்டதாரிகளின் விளக்கம் அந்த ஒரு தகவலிலேயே ஆட்டம் காணும். டிசம்பரின் நீண்ட நிழல் சரியான விளக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நிழல் வடக்கிலிருந்து தெற்குக்கு மாறும் இடையில் அது இல்லாமலே போகும் நாட்கள் வர வேண்டும் அல்லவா? ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 23, ஆகஸ்டு 20 ஆகிய தேதிகளை ஒட்டி, சீயமங்கலத்தில் நண்பகலில் நிழல் குச்சியின் அடியிலேயே ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள் என்று அறிவியல் இயக்கத்தினர் இதைக் கொண்டாடுகிறார்கள். ஏப்ரல் தேர்வும் விடுமுறையுமாகப் போய்விடும். ஆகஸ்டு பள்ளி நடக்கும் காலம். மேகம் மறைத்தால் அடுத்த நாளும் அளக்கலாம், வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். இதைக் கொண்டாட்டத்தோடு விட்டுவிடாமல் ஒரு படி மேலே கொண்டுபோகலாம். அதே நாளில் கன்னியாகுமரியில் ஒரு பள்ளி தன் நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளந்தால் தெற்கு நோக்கி சுமார் 7.5 சென்டிமீட்டர் வரும். அது 4.3 பாகைக் கோணம். இரண்டு ஊர்களுக்கும் தெற்கு வடக்காக உள்ள தூரம் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். 4.3 பாகைக்கு 480 என்றால் 360 பாகைக்கு 40,000 கிலோமீட்டர் சொச்சம், அதுதான் பூமியின் சுற்றளவு. எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்த கணக்கு இது. இரண்டு அரசுப் பள்ளிகள் தொலைபேசியில் பேசிக்கொண்டே செய்துவிடலாம். விடை 38,000 என்று வரலாம், 43,000 என்றும் வரலாம். எங்கே பிழை நுழைந்தது, குச்சி சாய்ந்திருந்ததா, நிழலின் ஓரம் மங்கலாக இருந்ததா, அரை சென்டிமீட்டர் பிசகினால் சுற்றளவு எவ்வளவு மாறும் என்று வாதிடும் அரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற எல்லாமே.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். செங்குத்தான பாறைச் சுவருக்கு 50 மீட்டர் தள்ளி நின்று, எதிரொலி வந்து சேரும் அதே நொடியில் அடுத்த கைதட்டு விழும்படி தாளம் பிடித்தால், 20 தட்டுகளுக்குச் சுமார் ஆறு நொடி ஆகும். ஒலியின் வேகம் கையில் கிடைத்துவிடும். சென்னையில் ஜான் கோல்டிங்காம் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கவைத்து இதே வேகத்தை அளந்து 1823-இல் வெளியிட்டார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். மழைக்கு வெட்டிய பாட்டிலே மழைமானி. 2024 டிசம்பர் முதல் தேதியோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலில், இவ்வட்டாரத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. நூறு சதுர மீட்டர் கூரையில் அது 50,000 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவருக்கு ஏரி ஏன் உடைகிறது, செஞ்சிக் கோட்டைக்குள் குளங்களை ஏன் வெட்டினார்கள் என்பது மனப்பாடப் பகுதியாக இருக்காது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வோம். பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரையில், வழிகாட்டாமல் ‘நீயே கண்டுபிடி’ என்று விடுவது புதிதாகக் கற்பவருக்குப் பயன் தராது என்று வாதிட்டார்கள். மனிதரின் செயல்நினைவு ஒரே நேரத்தில் சிலவற்றைத்தான் தாங்கும்; புதிய பொருள், புதிய கருவி, புதிய கருத்து எல்லாம் சேர்ந்தால் அது திணறும். அவர்கள் சொல்வது சரி என்றே நான் நினைக்கிறேன். பிள்ளைகளை நிழலின் முன் நிறுத்திவிட்டு ஆசிரியர் ஒதுங்கினால் யாரும் எரட்டோஸ்தனிஸ் ஆகிவிட மாட்டார்கள். கோணத்தை எப்படிக் காண்பது, சூரியக் கதிர்கள் இணையாக வருகின்றன என்று ஏன் கொள்கிறோம் என்பதை ஆசிரியர் நேரடியாக, தெளிவாகச் சொல்லித்தர வேண்டும். ஆனால் இந்த வாதம் ஊரைப் பாடமாக்குவதற்கு எதிரானது அல்ல, அதற்குத் துணையானது. வெள்ளிமணல் போன்ற உப்பும் பெயர் தெரியாத கண்ணாடிக் கருவியும் செயல்நினைவில் இடம் பிடிக்கின்றன. குச்சியும் நிழலும் பாறையும் ஏற்கெனவே தெரிந்தவை. புதிய கருத்து ஒன்றுக்கு மட்டும் இடம் விட்டால் போதும்.

இரண்டாவது எதிர்ப்பு நீதி சார்ந்தது, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நகரத்துப் பிள்ளைக்கு நுண்ணோக்கி, கிராமத்துப் பிள்ளைக்குக் குச்சியா? ஊரே ஆய்வுக்கூடம் என்ற பேச்சு, ஆய்வுக்கூடம் கட்டாமல் தப்பிக்க அரசுக்குக் கிடைத்த சாக்காக மாறாதா? மாறக்கூடும். அதனால் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். சங்கராபரணித் தண்ணீரில் வாழும் நுண்ணுயிரை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. அமிலத்தையும் காரத்தையும் பாதுகாப்பான மேசையில்தான் கலக்க முடியும். நல்ல நுண்ணோக்கியும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஆய்வுக்கூடம் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளிக்கும் உரிமை. ஆனால் கருவி வந்ததுமே சமத்துவம் வந்துவிடாது என்பதை ஆப்ரஹாம்ஸ், மில்லர் ஆய்வு காட்டிவிட்டது. சொந்த ஊரின் கேள்வியோடு நுண்ணோக்கியிடம் போகிற பிள்ளைக்குத்தான் அந்தக் கருவி முழுமையாகப் பயன்படும். தவிர, 250 கோடி ஆண்டுப் பாறையும் தெற்கே விழும் ஜூன் நிழலும் எந்த நகரத்துத் தனியார் பள்ளியாலும் லண்டனிலிருந்து தருவிக்க முடியாத வளங்கள். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராத்திய ராணுவ நிலப்பரப்பின் பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அங்கே இனி வரப்போகும் கவனத்தில் ஒரு பங்கு வட்டாரப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புக்கும் சேர வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்து வருவது: பாடம் முடிக்க வேண்டும், தேர்வு இருக்கிறது. இதில் நியாயம் முழுவதும் அவர்கள் பக்கம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் கிஷோர் பாரதியும் ரசூலியா நண்பர்கள் கிராம மையமும் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் முப்பது ஆண்டு நின்றதற்குக் காரணம் பரிசோதனைப் பெட்டி மட்டும் அல்ல. அவர்கள் தேர்வையே மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம், செய்முறையும் தேர்வில் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே பயன் இல்லை. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடித் தம் வகுப்பில் வந்த சிக்கல்களைப் பேசினார்கள். பிள்ளைகள் ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குக் கேள்விகள் எழுதிப் பதில் பெற்றார்கள். 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. அரசு ஒரு கையெழுத்தில் நிறுத்தக்கூடியதாக அது இருந்தது என்பதும் நாம் படிக்க வேண்டிய பாடம்: தன்னார்வ அமைப்பின் தோளில் மட்டும் நிற்கும் கல்விமுறை நிலைக்காது, அது பொதுத் தேர்வுக்குள் வேர்விட வேண்டும். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிறு குழுக்களாகத் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து அளவுகளோடு அறிக்கை தருகிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளால் ஆய்வு செய்ய முடியுமா என்ற ஐயத்துக்கு அது முப்பது ஆண்டுகளாகப் பதில் சொல்லிவருகிறது. ஆனால் அங்கே போவது பள்ளிக்குச் சிலர்தான், ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தால்தான். மீதிப் பேர் வகுப்பில் பரிசோதனைக் குறிப்பேட்டை அக்காவின் ஏட்டைப் பார்த்து நிரப்புகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 25 செய்முறைக்கும் உண்டு. அந்த 25-இல் ஐந்தை, மாணவர் தம் ஊரில் தாமே அளந்து, முன்கணிப்பையும் அளவையும் பிழைக்கான காரணத்தையும் எழுதிய இரண்டு பக்க அறிக்கைக்கு ஒதுக்க வேண்டும். விடை சரியா என்று பார்க்காமல் பிழையை எப்படி ஆராய்ந்தார் என்று பார்த்து மதிப்பெண் இட வேண்டும். புதிய கட்டடமோ புதிய பாடநூலோ இதற்குத் தேவையில்லை. தேர்வுத் துறையின் ஒரு சுற்றறிக்கையும், ஒன்றிய அளவில் ஆசிரியர்கள் மாதம் ஒரு பிற்பகல் கூடுவதற்கான அனுமதியும் போதும். அந்தச் சுற்றறிக்கைக்குக் காத்திராமல், வந்தவாசி, செஞ்சி வட்டங்களின் ஆசிரியர்கள் வருகிற ஆகஸ்டு 20-க்குள் தெற்கே ஒரு பள்ளியோடு பேசி வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.